கெஸ்ஸல்: தமிழில் எப்படிச் சொல்வது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மோதிய ஸ்டாலின்கிராட் போரைப் பற்றிப் படித்தால் 'கெஸ்ஸல்' என்ற ஜெர்மன் சொல் திரும்பத் திரும்ப வரும். கொப்பரை, அண்டா என்பதுதான் நேர்ப்பொருள். போரில், எதிரி சுற்றி வளைத்ததால் ஒரு படை அகப்பட்டுக் கிடக்கும் இடத்தைக் குறிக்கும். சிறு கிண்ணத்தைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் கெட்டிலும், இதே போர்ப்பொருளில் ரஷ்யர்கள் சொல்லும் 'கத்யோல்' என்பதும் அதன் உறவுதான். ஜெர்மனியில் முயல் வேட்டைக்காரர்கள் வயலைச் சுற்றி வட்டமாக நின்று நடுவை நோக்கி நெருங்குவார்கள், அந்த வேட்டைக்கும் இதே பெயர் உண்டு. போரிலும் அதே வேலைதான், முயலுக்குப் பதில் மனிதர்கள்.

1942 நவம்பர் 19-ல் சோவியத் செம்படை வடக்கிலிருந்து பாய்ந்தது, மறுநாள் தெற்கிலிருந்து. 23-ம் தேதி கலாச் அருகே இரண்டு பக்கமும் கைகோர்க்க, ஜெர்மன் தரப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். குறைந்தது நாளுக்கு 300 டன் சரக்கு வேண்டும், விமானத்தில் சராசரியாக வந்ததோ 100 டன் அளவுக்குத்தான். ரொட்டி 200 கிராமாகக் குறைந்தது, அப்புறம் 100-க்கும் கீழே போனது. குதிரைகளைக் கொன்று, கல்லாக உறைந்த இறைச்சியைக் கோடரியால் வெட்டித் தின்றார்கள். ஆணி அடித்த தோல் பூட்ஸ் குளிரை நேராகக் காலுக்குள் இறக்கியது. விரல் கறுத்துப் போனவர்கள் செத்த ரஷ்ய வீரர்களின் கம்பளிப் பூட்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டார்கள். பிடோம்னிக் விமானத்தளத்தில் காயம்பட்டவர்கள் விமானத்தில் ஏற முட்டி மோதினார்கள், ஜனவரி நடுவில் அந்தத் தளமும் பறிபோனது. கடைசியில் சிறைப்பட்டவர்கள் ஏறக்குறைய 91,000 பேர். ஊர் திரும்பியவர்கள் சுமார் 6,000 பேர்தான்.

சரி, தமிழில் என்ன? 'கொதிகலன்' வேண்டாம், அது எந்திரம். 'முற்றுகை'யும் முழுதாகப் பொருந்தாது. கோட்டையை வளைத்துப் பிடிக்கும் போரைச் சொல்லும் உழிஞைத் திணைக்குத் தொல்காப்பியம் "முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்" என்கிறது, அதாவது முற்றுவதற்கு ஓர் அரண் வேண்டும். இங்கே பெரும்பகுதி வெறும் பனிவெளி. அந்த இடத்தை 'கோட்டை' என்று அழைத்தவர் ஹிட்லர்; உள்ளே பசியில் கிடந்தவர்களுக்கு அது கெஸ்ஸல். 'சுற்றிவளைப்பு' நல்ல சொல்தான், ஆனால் அது செயலைச் சொல்கிறது, அகப்பட்ட இடத்தைச் சொல்லவில்லை. இலங்கையில் அது ஊரை வளைத்துத் தேடுவதையும் குறிக்கும். அதனால் இடத்துக்குச் 'சூழ்வளையம்' என்றும், அந்தப் போருக்குச் 'சூழ்வளையப் போர்' என்றும் எழுதலாம் என்பது என் கருத்து.