கட்டையில் அரம் வைப்பதற்கு முன்

குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று என் பட்டறைக்கு வந்தால், முதலில் குழலைத்தான் பார்ப்பேன். குழலைத் தாங்கும் மரக்கட்டை அப்புறம். உள்ளே மருந்து இருப்பது வெளியே தெரியாது. மெல்லிய மரக்கோல் ஒன்றை அடிமுட்ட விட்டு, குழல் வாய்க்கு நேராகப் பென்சில் கோடு போடுங்கள். கோலை உருவி, கோடு வாயருகே இருக்கும்படி குழலின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். நுனி தீத்துளை வரை, அதாவது மருந்துக்குத் தீ போகும் சிறு துளை வரை எட்டினால் சரி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஈரம் படாத கருமருந்து பல தலைமுறை கழித்தும் பற்றிக்கொள்ளும். "தாத்தா காலத்திலிருந்து சுவரில்தான் தொங்குகிறது" என்று யாராவது சொன்னால் நான் இன்னொரு முறை அளப்பேன். அடைத்திருந்தால் எதையும் கழற்றாமல், விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவேன்.

இனி மரம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் 18ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் டிக்கர்ட் போன்றவர்கள் செய்த நீளத் துப்பாக்கிகளுக்கு மேப்பிள் கட்டைதான், அதிலும் வரிவரியாக அலையோடும் மரம் என்றால் தனி மவுசு. பார்க்கப் புலித்தோல் மாதிரி இருக்கும், இழைக்கப் போனால் அழவைக்கும். நார் அலையலையாக ஏறி இறங்குவதால், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் பாதி வரி எதிர்நாராகத்தான் மாட்டும். உளி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிடும். அரத்தால் சாய்வாக ராவி, விளிம்பில் பிசிறு ஏற்றிய சுரண்டு தகட்டால் முடிப்பது என் வழக்கம். தகட்டையும் வரிகளுக்குக் குறுக்கே சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் துணி துவைக்கும் பலகை மாதிரி மேடுபள்ளம் விழும். உப்புத்தாளை வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தாலும் இதே கதிதான். கடைசியில் எண்ணெய் பூசியதும் அத்தனையும் பளிச்சென்று தெரியும்.

பெரிய தவறு நான் செய்தது வேறு இடத்தில். முன்கட்டை தடியாக இருக்கிறது, ஒல்லியாக்கிக் கொடுங்கள் என்றார் ஒருவர். அவர் சொன்னதும் நியாயம்தான். அடிப்பக்கம் ராவிக்கொண்டே போனேன். திடீரென அரத்தின் சத்தம் மாறியது, டொக் டொக்கென்று. அடுத்த இழுப்பில் அரிசி அளவு ஓட்டை. மருந்து கெட்டிக்கும் கோலைச் செருகிவைக்க முன்கட்டைக்குள் போடும் துளை, நீளமாகத் துளைக்கும்போது கீழ்ப்பக்கம் விலகிப் போயிருந்திருக்கிறது! அதே மரத்தில் சிம்பு சீவி ஒட்டினேன். ஆனால் வரி சேரவில்லை, கூலியும் வாங்கவில்லை.

இப்போதெல்லாம் குழலைக் கழற்றி, அது படுக்கும் பள்ளத்தின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் ஊசித்துளை போட்டு, கோல் துளையின் அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கம்பியால் அளந்துகொள்கிறேன். அந்த இடத்தில் பள்ளத்தின் அடியிலிருந்து கட்டையின் கீழ்ப்பக்கம் வரை உள்ள ஆழத்தில் இதைக் கழித்தால், மிச்சம் எவ்வளவு மரம் என்று தெரிந்துவிடும். குழலைத் திரும்ப வைத்தால் ஊசித்துளைகள் மறைந்துவிடும்.