நாங்க பார்க்காத கொசுவா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு பெரியவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 62. கண் இரண்டும் மஞ்சள். இன்று என்ன கிழமை என்று கேட்டால் மனைவியின் பெயரைச் சொல்கிறார். ஐந்து நாளாகக் காய்ச்சல். கையில் ஒரு கத்தை ரிப்போர்ட், பிளேட்லெட் 38,000. "டெங்குன்னு சொன்னாங்க சார். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்பும் குடுத்துக்கிட்டிருக்கோம்" என்றார் அந்த அம்மா.

வெளியூர் எங்காவது போனாரா என்று கேட்டேன்.

"இல்லையே சார், வந்ததுலேருந்து வீட்டுலதான் இருக்கார்."

எங்கிருந்து வந்தார்?

"உகாண்டாவுலேருந்து. எங்க சபையிலேருந்து பதினாலு பேர் ஊழியத்துக்குப் போயிருந்தாங்க."

அந்த ஒரு வார்த்தையை ஐந்து நாளாக அவர்களும் சொல்லவில்லை, அதற்கு முன் பார்த்த இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை. லேப் தம்பியை வீட்டிலிருந்து எழுப்பி வரவழைத்து ரத்தத் தடவல் போட்டுப் பார்த்தோம். மலேரியாவிலேயே ஆளைக் கொல்லும் வகையான ஃபால்சிபாரம், கண்ணாடித் தகடு முழுக்க. அந்த ராத்திரியே தஞ்சாவூருக்கு அனுப்பினோம். ஆர்ட்டிசுனேட் ஊசி, இரண்டு தடவை டயாலிசிஸ், பதினொரு நாள் படுக்கை. பிழைத்துவிட்டார். மயிலாடுதுறைப் பக்கத்தில் இருக்கும் என் சின்ன கிளினிக்குக்கு மிஷன் பயணம் போய் வந்து இப்படி வந்தவர்களில், இரண்டு வருஷத்தில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்று பேரிடமும், தேறிய பிறகு, கிளம்புவதற்கு முன் மலேரியா தடுப்பு மாத்திரை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நாங்க பார்க்காத கொசுவா, சார்?"

சரி, பார்த்திருக்கிறோம்தான். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கூடவே கொசுவும் வரும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி, கொசுவர்த்தி கொளுத்தி, கொசு அடிக்கும் பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சோறு தின்னும் ஊர் இது. ஆனால் ஆயிரம் கொசு கடித்தால் நம் தோல்தான் பழகும். முன்பு போல் தடிக்காது, அரிப்புத் தெரியாது, அவ்வளவுதான். உள்ளே போகும் கிருமியை எதிர்க்கும் சக்தி, அந்தக் கிருமி வந்து போனால்தான் உண்டாகும். கும்பகோணத்துக் கொசு அந்தக் காலத்தில் யானைக்காலுக்குப் பேர் போனது. அது சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ். டெங்கு பரப்புவது ஏடிஸ், பகலில் கடிக்கும். மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலஸ், இருட்டிய பிறகு வரும். மூன்றும் வேறு வேறு. நம் ஊரில் கொசுவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் உள்ளூரிலேயே தொற்றிய மலேரியா என்று நான் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே மலேரியா விஷயத்தில் நம் உடம்பு, பனி பெய்யும் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர் உடம்பு போலத்தான். ஒன்றும் தெரியாத உடம்பு.

"அங்கே இருக்கிறவங்க மாத்திரையா சாப்பிடுறாங்க?" என்பது அடுத்த கேள்வி. ஆப்பிரிக்காவிலேயே வளர்ந்து ஆளானவர்கள் குழந்தையிலிருந்து திரும்பத் திரும்ப அந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள். எழாமல் போன குழந்தைகளும் ஏராளம். 2023இல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், பெரும்பகுதி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். அப்படிக் கிடைக்கும் சக்திகூட அரைகுறைதான். சில வருஷம் மலேரியா இல்லாத நாட்டில் இருந்துவிட்டுப் பிறந்த ஊருக்குப் போகும் ஆப்பிரிக்கருக்கே அது குறைந்துபோகிறது. மாயவரத்திலும் சீர்காழியிலும் கொசுக்கடி பட்டு அந்தச் சக்தி வருமா? வராது. நூறு தடவை கேட்டாலும் வராது.

இன்னொரு சமாதானம், "ஊசி போட்டாச்சு". அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதற்கும் மலேரியாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஊசி போட்டதற்குச் சான்றாகக் கொடுக்கும் மஞ்சள் அட்டை ஒரு பக்கம் உங்களுக்காக, இன்னொரு பக்கம் நம் நாட்டுக்காக. மஞ்சள் காய்ச்சல் இங்கே இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால்தான் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் 6 நாள் வரை தனியாக அடைத்து வைக்க விமான நிலையத்தில் அதிகாரம் இருக்கிறது. போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஒரு தடவை போட்டால் போதும், 2016 ஜூலையிலிருந்து ஆயுளுக்கும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது. 60 வயது தாண்டியவர்களும் கர்ப்பிணிகளும் முட்டை ஒவ்வாதவர்களும் அங்கே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கிச் செய்த ஊசி, எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை.

மலேரியாவுக்கு மாத்திரைதான். நாம் அதிகம் கொடுப்பது டாக்சிசைக்ளின், எலிக்காய்ச்சலுக்கு எழுதுவோமே, அதேதான். எந்த மெடிக்கலிலும் இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, அங்கிருக்கும் ஒவ்வொரு நாளும், திரும்பிய பிறகு இன்னும் நான்கு வாரமும். 15 நாள் பயணம் என்றால் 45 மாத்திரை. கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் இது ஆகாது, அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுத்துவிடாதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் எரியும், தொப்பி போடுங்கள். பழைய குளோரோகுயின் மாத்திரையை வீட்டில் எடுத்து வைத்திருக்கும் பெரியவர்களே, அதை அங்கே கொண்டு போகாதீர்கள். ஆப்பிரிக்க ஃபால்சிபாரம் அதற்கு மசிந்த காலம் போய்விட்டது.

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தலைமையாசிரியரோடு போன ஒரு அக்கா மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார், ஊர் திரும்பி மூன்றாம் நாள் வரை. ஏன் நிறுத்தினீர்கள் என்றால், "இங்கதான் வந்தாச்சே" என்கிறார். கொசுவை அங்கே விட்டுவிட்டு வந்தீர்கள், அக்கா. கிருமி உங்களோடு பிளைட்டில் வந்திருக்கலாம். (அவரை மறுபடி தொடங்க வைத்தேன். நன்றாக இருக்கிறார்.)

மாத்திரை சாப்பிட்டாலும் கடி வாங்காமல் இருப்பதுதான் முதல் காரியம். ஊழியக் கூட்டங்கள் அங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் திறந்த வெளியில் நடக்கின்றன. அனாஃபிலஸ் கிளம்பும் நேரம் அதுதான். முழுக்கைச் சட்டை, காலுறை, மேலே பூசும் கொசுவிரட்டி, படுக்க மருந்து தோய்த்த வலை. சூட்கேசில் பத்து கிலோ முறுக்கும் ஊறுகாயும் வைக்க இடமிருந்தால் ஒரு வலைக்கும் இடமிருக்கும்.

ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காவிரியில் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. விக்டோரியா ஏரியில் ஞானஸ்நானம் கொடுக்க இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றதாக அந்தக் குழுவில் ஒருவர் சாட்சி சொன்னாராம். அந்தக் கரையோரத் தண்ணீரில் நத்தையிலிருந்து வெளிவரும் ஒரு புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். குடிக்கவே வேண்டாம், நின்றாலே போதும். காய்ச்சலோ வயிற்று உபாதையோ வாரக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும். பிராசிகுவான்டல் மாத்திரையில் சரியாகும், ஆனால் யாராவது அதை நினைத்துப் பார்க்க வேண்டுமே. இறங்கியிருந்தால் வந்ததும் சொல்லுங்கள்.

"கர்த்தர் காப்பார்" என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை, நானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன்தான். தரங்கம்பாடிக்கு 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினார், 1719இல் தம் 36ஆம் வயதில் அங்கேயே அடக்கமானார். அவர் காலத்து மிஷனரிகளுக்குக் காய்ச்சல் எதனால் வருகிறது என்றே தெரியாது. பிரிட்டிஷ் டாக்டர் ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897இல். அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

என் டாக்டர் கூட்டாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று எழுதும் பழக்கத்தை விடுவோம், மலேரியாவிலும் குறையும். காய்ச்சல் என்று வருகிறவரிடம் கடந்த மூன்று மாதத்தில் எங்கே போனீர்கள் என்று கேட்க அரை நிமிஷம் ஆகாது. முதல் ரத்தத் தடவலில் ஒன்றும் தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று முறையாவது பார்க்க வேண்டும்.

சபை ஐயர்மார்களுக்கு, அதாவது போதகர்களுக்கு, என் வேண்டுகோள் சின்னதுதான். வழியனுப்பும் ஜெபம் முடிந்ததும் ஒரு சீட்டைக் கொடுங்கள், எல்லோரும் அதைப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இன்ன நாட்டுக்கு இன்ன தேதியில் போய் இன்ன தேதியில் திரும்பினேன் என்று அதில் எழுதியிருந்தால் போதும். காய்ச்சல் அடித்தால் மெடிக்கலுக்குப் போகாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய், நாக்கை நீட்டுவதற்கு முன்னால் அந்தச் சீட்டை நீட்ட வேண்டும். திரும்பி மூன்று மாதம் வரை அது பையிலேயே இருக்கட்டும். உங்களால் பேச முடியாத நிலைமையில் வீட்டு அம்மா "வீட்டுலதான் இருக்கார்" என்றுதான் சொல்லுவார்.