தும்மலின் எந்தப் படியில் ஊசி நுழைகிறது?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் தமிழாசிரியை ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். கார்த்திகை பிறந்து விருச்சிகக் காற்று வீசத் தொடங்கியதும் அவருக்குத் தும்மலும் கண்ணரிப்பும் வந்துவிடுகின்றனவாம். உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் அக்குபங்சரைக் கோயம்புத்தூரில் செய்துகொள்ளும்படி சக ஆசிரியர் ஒருவரும், கஷாயமும் ராஸ்னாதி சூரணமும் போதும் என்று பக்கத்து வீட்டாரும் சொல்கிறார்களாம். இவற்றில் எதற்கு ஆதாரம் உண்டு என்பது கேள்வி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மழை ஓய்ந்தபின் வரும் வறண்ட கீழைக்காற்று புழுதியையும், புல், பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தத்தையும் அள்ளி வருகிறது. மகரந்தப் புரதத்தைப் பகையென்று தவறாகக் கருதும் உடல், அதற்கு எதிராக ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம்தான். இந்த ஐஜிஇ எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் கதையின் சுவை இருக்கிறது.

1921ஆம் ஆண்டில் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார்கள். குஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. குஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை பிராஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் ஏற்றிக்கொண்டபோது, அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒவ்வாமையைச் சுமக்கும் பொருள் சீரத்தில் இருக்கிறது என்பதும், அது தோலில் எதையோ பற்றிக்கொண்டு காத்திருக்கிறது என்பதும் இதனால் விளங்கின. அந்தப் பொருள் ஐஜிஇ என்று கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோ இஷிசாகாவும் அமெரிக்காவின் டென்வர் நகரில் கண்டறிவதற்கு 1966 வரை ஆயிற்று.

அது பற்றிக்கொள்ளும் இடம் மாஸ்ட் செல். மூக்கின் உட்சவ்விலும் தோலிலும் கண்ணிலும் குடியிருக்கும் இச்செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇயைப் பிடித்துவைக்கும் ஏற்பிகள் பல்லாயிரம் உண்டு. உள்ளே ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் நிரம்பிய நூற்றுக்கணக்கான துகள்கள் அடைந்து கிடக்கின்றன. ஓர் ஐஜிஇயை மட்டும் மகரந்தப் புரதம் தொட்டால் எதுவும் நடப்பதில்லை. அருகருகே உள்ள இரண்டை ஒரே புரதம் ஒருசேரப் பிணைக்க வேண்டும். வங்கி லாக்கர் இரண்டு சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் என்பதைப் போல. பிணைந்ததும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, துகள்கள் வெளிச்சவ்வோடு ஒட்டி வெடிக்கின்றன, சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. அது நரம்பு நுனியைத் தீண்டும்போது அரிப்பும் தும்மலும், இரத்தக் குழாயைத் தளர்த்தும்போது வீக்கமும் அடைப்பும் தோன்றுகின்றன. சில மணி நேரம் கழித்து வேறு வெள்ளணுக்கள் வந்து சேர்வதால், காலையில் பட்ட மகரந்தம் மாலையிலும் மூக்கை அடைத்துவைக்கிறது.

ஆகவே எந்த மருத்துவத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் அது கைவைக்கிறது என்பதைத்தான். செடிரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினின் ஏற்பியை மறிக்கின்றன. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து, பின்னால் வரும் அழற்சியை அடக்குகிறது.

அக்குபங்சரைப் பற்றி ஜெர்மனியில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், புல், பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை உடைய 422 பேர் பங்கேற்றனர். உண்மையான ஊசி, பொருத்தமற்ற இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி, மாத்திரை மட்டும் என மூன்று குழுக்கள். எட்டு வாரங்களில் 12 முறை உண்மையான ஊசி போட்டுக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மற்ற இரு குழுக்களைவிட ஓரளவு மேம்பட்டது. மாத்திரைத் தேவையும் குறைந்தது. ஆனால் போலி ஊசிக்கும் உண்மை ஊசிக்கும் இடைப்பட்ட வேறுபாடு சிறியது. 16 வாரங்களில் அதுவும் மறைந்தது. ஊசி மாஸ்ட் செல்லைத் தடுக்கிறது என்பதற்கு இது சான்றாகாது. நரம்பு வழியாக அரிப்புணர்வு குறைவதும், கவனித்துக்கொள்ளப்படுகிறோம் என்ற நிறைவும், பருவம் தானாகவே முடிவதும் இந்தப் பலனில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதைப் பிரித்தறிவது கடினம். கையில் பணம் இருந்து, கிருமிநீக்கிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி என்பது உறுதியானால், முயல்வதில் பெரிய கேடில்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போவதுதான் கேடு.

மூலிகை விஷயத்தில் நான் இன்னும் மரியாதையோடு பேச வேண்டியிருக்கிறது. அதன் மூலக்கூறுகள் செல்லைச் சென்றடையக்கூடியவை. எகிப்தில் பழங்காலந்தொட்டுப் பயன்பட்ட அம்மி விஸ்நாகா என்ற செடியில் உள்ள கெல்லின் என்னும் சேர்மத்தைத் தொடக்கமாகக் கொண்டு, தாமே ஆஸ்துமா நோயாளியான ராஜர் அல்டூன்யன் என்னும் மருத்துவர் பல சேர்மங்களைத் தம் நுரையீரலிலேயே சோதித்துப் பார்த்தார். 1965இல் அவ்வாறு கிடைத்த சோடியம் குரோமோகிளைகேட், மாஸ்ட் செல்லின் துகள்கள் வெடிப்பதையே தடுக்கிறது. இன்றும் கண் சொட்டு மருந்தாக விற்கப்படுகிறது. நம் வேலியோர ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் சேர்மத்திலிருந்து உருவானதுதான் இருமல் மருந்தான பிரோம்ஹெக்சின். ஆனால் அது கெட்டிச் சளியை இளக்குவது. ஒவ்வாமையில் மூக்கு நீராக ஒழுகும்போது ஆடாதோடைக் கஷாயத்துக்கு அங்கே அதிக வேலை இல்லை. நொச்சி ஆவி அடைப்பைச் சற்று நேரம் இளக்கும். குளித்தபின் உச்சியில் தேய்க்கும் ராஸ்னாதி, மூக்கின் மாஸ்ட் செல்லை எந்த வழியாக எட்டும் என்பதற்கு நிறைவான விடையை நான் இதுவரை கேட்டதில்லை. இருந்தும் அதன் மணம் எனக்குப் பிடிக்கும்.

பாரம்பரிய மருத்துவத்தைப் போற்றும் மேடைகளுக்குச் செலவாகும் பணத்தில் சிறு பகுதியை எடுத்து, மகரந்தப் பருவத்தில் கஷாயத்தையும் அதே நிறமும் கசப்பும் கொண்ட வெறும் நீர்மத்தையும் ஒப்பிட்டு ஆய்வு நடத்தலாம். மழையளவைச் சொல்வதைப் போல எல்லையோர ஊர்களின் மகரந்த அளவையும் நாள்தோறும் சொன்னால், மாத்திரையை எந்த வாரத்தில் தொடங்குவது என்பதாவது தெரியும்.

ஆசிரியை முதலில் செய்ய வேண்டியது, தம் தும்மலுக்குக் காரணம் மகரந்தமா, வீட்டுத் தூசிச் சிற்றுண்ணியா என்று தோல் குத்துச் சோதனையில் அறிந்துகொள்வது. முன்கையில் ஒவ்வாப்பொருளின் துளியை வைத்து லேசாகக் குத்தினால், ஐஜிஇ காத்திருக்கும் இடத்தில் கால்மணி நேரத்துக்குள் தடிப்பு எழும். செடிரிசின் அந்தத் தடிப்பை மறைத்துவிடும் என்பதால், எத்தனை நாள் முன்னதாக அதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கஷாயமோ சூரணமோ எடுத்துவந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.