ஆன்சாம்பிள் என்றால் 'நடிகர் பட்டாளம்' அல்ல

நாடக விமர்சனங்களில் "நடிகர் பட்டாளமே அசத்தியிருக்கிறது" என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. நடிகர்கள் ஒருவரையொருவர் கவனித்து ஒன்றாக நடிப்பதைக் குறிக்கும் ஆன்சாம்பிள் (ensemble) என்பதைத் தமிழாக்கினார்களாம்.

லத்தீன் 'இன்சிமுல்' (ஒரே வேளையில்) பிரெஞ்சில் 'ஆன்சாம்பிள்' ஆனது. அடிப்படையில் அது 'சேர்ந்து' என்று பொருள்படும் வினையடை, பெயர்ச்சொல்லானது பிறகு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைனிங்கன் நாடகக் குழுவில் ஒரு நாடகத்தின் நாயகன் அடுத்ததில் கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டும். அந்த ஒழுங்குதான் மேடையில் இச்சொல்லுக்குக் கனம் சேர்த்தது.

பட்டாளமோ தலையெண்ணிக்கை, அதுவும் ஐரோப்பியர் வழி வந்த படைச்சொல். சினிமா விளம்பரத்தில் பத்து நட்சத்திரங்களை வரிசையாக நிறுத்தப் பயன்படட்டும். மூன்றே பேர் நடிக்கும் நாடகத்திலும் ஆன்சாம்பிள் உண்டு. முப்பது பேர் ஏறி ஆளாளுக்குக் கைதட்டல் வாங்கிப்போனால் அது இல்லை. தவிர, பட்டாளம் ஒரே காலடியில் நடப்பது. இங்கே காலடிகள் வேறுபடலாம், காது மட்டும் அடுத்தவர் மேல் இருக்க வேண்டும்.

'குழும நடிப்பு' இன்னும் மோசம். குழுமம் என்றதும் கம்பெனிகளும் பங்குச்சந்தையும்தான் நினைவுக்கு வரும். 'கூட்டு நடிப்பு' பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் தமிழில் நடிப்புக்குப் பாசாங்கு என்றும் பொருள். கூட்டுச் சதிக்குப் பழகிய காதில், இரண்டு கட்சிகள் சேர்ந்து ஊரை ஏய்ப்பதுபோல விழும்.

குழுவைக் குறிக்கத் தெருக்கூத்தில் 'ஜமா' இருக்கிறது. அரபி வேர்தான், இருந்தாலும் புழங்கும் சொல். தூய்மை பேசுபவர்கள் அதை விலக்கிவிட்டுக் குழுமத்தைக் கொண்டுவருவதுதான் வேடிக்கை. கூத்தில் வேடக்காரர் அடியைப் பாடி முடிக்கும் இடத்திலேயே பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்கி அடவு வைப்பார். ஏந்துவது ஒரு தாளம் பிந்தினால் ஆட்டத்தில் ஓட்டை விழும்.

குழுவுக்கு ஜமா இருக்க, ஒருவரையொருவர் ஏந்தும் அந்தப் பண்பைச் சொல்லக் 'கூடிநடித்தல்' போதும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் "குழல்வழி நின்றது யாழே" என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த கருவிகள் கடைசியில் "கூடிநின்று இசைத்தது" என்றே முடிகின்றன. 'கூடி' வினையெச்சம் என்பதால் பிரெஞ்சு வினையடையோடும் பொருந்துகிறது. கூடிநடித்தார்கள், கூடிநடிக்கவில்லை என்று வினையாகவும் ஓடும். குழுமத்தை அப்படி ஓட்டிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பெயர்ப்பட்டியல் போட்டு, ஆளுக்கொரு 'அருமை', 'கச்சிதம்' ஒட்டிவிட்டு, மீந்தவர்களைப் பட்டாளத்தில் சேர்த்துவிடுகிறார்கள் விமர்சகர்கள். வசனம் இல்லாதவரின் கண் எங்கே இருந்தது, ஒருவர் விட்ட மௌனத்தை அடுத்தவர் எவ்வளவு நேரம் காத்தார் என்று பார்த்தால் எழுத விஷயம் கிடைக்கும். "சாவுச்செய்தி வந்ததும் நால்வரும் ஒரே சமயத்தில் திரும்பவில்லை, மூத்தவள் திரும்பிய பிறகே மற்றவர்கள் கதவைப் பார்த்தார்கள். கூடிநடித்திருக்கிறார்கள்" என்று எழுதலாமே.