ஆப்பெழுத்து

பண்டைய மேற்காசியாவில் களிமண் பலகைகளில் எழுதிய கியூனிஃபார்ம் என்ற எழுத்துமுறைக்கு நல்ல தமிழ் ஆப்பெழுத்து. லத்தீனில் 'குனேயுஸ்' ஆப்பு, 'ஃபோர்மா' வடிவம். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் தாமஸ் ஹைட் 1700-இல் பாரசீகத்தின் பெர்செபோலிஸ் கல்வெட்டுக் குறிகளை இப்படிக் குறித்தார். அவை எழுத்தே அல்ல, அலங்காரம் என்றுதான் அவர் நினைத்தார்! அரபியில் இதே எழுத்து 'மிஸ்மாரி', அதாவது ஆணி எழுத்து.

பெயர் கல்லைப் பார்த்து வந்தாலும், கல்லில் எழுத ஆப்பு வடிவம் தேவையே இல்லை. அது களிமண்ணில் பிறந்த வடிவம். கல்தச்சர் பார்த்துச் செதுக்கியது.

தென் ஈராக்கின் ஊருக் நகரில், கி.மு. 3300-ஐ ஒட்டிய காலப் பலகைகளில் ஆப்பு கிடையாது. பார்லி, பீர், ஆடு என்று பெரும்பாலும் கணக்குகள். எண்களை உருண்டை முனையால் அழுத்தினார்கள். பொருள்களைக் கூர்முனையால் கீறி வரைந்தார்கள். சிக்கல் கீறுவதில்தான். ஈரக் களிமண்ணில் கோடு இழுத்தால் மண் முன்னே குவியும், ஓரம் பிசிறும், வளைவு கோணலாகும். அதனால் கோட்டை இழுப்பதை விட்டு, துண்டு துண்டாக அழுத்தத் தொடங்கினார்கள். நாணல் குச்சியைக் கோணமாக வெட்டி, அதன் மூலையைச் சாய்த்து அழுத்தினால் மூலை ஆழமாகப் பதிந்து முக்கோணத் தலையாகும். விளிம்பு மெலிந்த வாலாகும். அதுவே ஆப்பு. குச்சியைத் திருப்பினால் கிடை, நிலை, சாய்வு என ஆப்பின் திசை மாறும். வட்டம் மட்டும் வராது. படங்கள் அடையாளம் தெரியாமல் போனது இதனால்தான்.

'உண்' என்பதற்கான குறியைப் பாருங்கள். தொடக்கத்தில் மனிதத் தலையும் வாயருகே ஒரு கிண்ணமும் தெளிவாகத் தெரியும். ஆப்பான பிறகு, தெரிந்தவர் சொன்னால்தான் தலை தெரியும். குறிகள் ஒலியைக் குறிக்கத் தொடங்கியதும் படம் மறையத் துணைபோனது: தென் ஈராக்கின் பழைய மொழியான சுமேரியத்தில் 'தி' என்றால் அம்பு, உயிர் என்பதும் 'தி', வரைய முடியாத உயிருக்கு அம்பையே போட்டார்கள்.

மண்ணில் மணலோ சிறுகல்லோ இருந்தால் ஆப்பு உடையும். நீர் மிஞ்சினால் குச்சியில் ஒட்டும், காய்ந்தால் பதியாது. பெரும்பாலான பலகைகள் வெயிலில் உலர்த்தியவையே, சூளையில் சுட்டவை அல்ல. கி.மு. 612-இல் அசீரியத் தலைநகர் நினிவே எரிந்தபோது அங்கிருந்த பலகைகள் பல வெந்து இறுகிவிட்டன.

சொல்லாட்சியில் இரண்டு கவனம். ஊருக்கின் கீறல் எழுத்தை 'முந்து ஆப்பெழுத்து' என்பதே சரி. 'ஆப்பெழுத்து மொழி' என்று எழுதுவது பிழை: சுமேரியம், அக்காடியம், ஹிட்டைட்டு எல்லாம் இந்த எழுத்தில் எழுதப்பட்ட வெவ்வேறு மொழிகள். சிரியாவின் உகாரித் நகரத்தார் ஆப்புகளையே வைத்து 30 குறிகள் கொண்ட தனி அகரவரிசை அமைத்தார்கள். அதற்கு 'உகாரித் ஆப்பெழுத்து' என ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.