ஐதரசன் ஆய்வில் நாடுகளின் கூட்டு: மலையகப் பிள்ளைக்கு எந்த வழி திறந்திருக்கிறது?

ஐதரசன் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு நாடுகள் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன, ஒரு தூதுக்குழு வந்து போனது, அவ்வளவுதான். தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று எவரும் விளக்குவதில்லை. நிச்சயமாக இருக்கிறது. அது பணமாகவோ தொழிற்சாலையாகவோ நம் ஊரில் வந்து இறங்கப் போவதில்லை. ஆய்வுகூடத்தில் ஓர் இடமாக வரும். அந்த இடத்தைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

முதலில் விடயம் என்னவென்று பார்ப்போம். ஐதரசன் பெரும்பாலும் தனியாகக் கிடைப்பதில்லை. தண்ணீரிலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ பிரித்தெடுக்க வேண்டும். உலகில் இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி தொன் பயன்படுகிறது. மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் 9 அல்லது 10 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். சூரிய ஒளி, காற்று, நீர் ஆகியவற்றால் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மின்பகுப்புச் செய்தால் அந்தப் புகை இல்லை. சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் வரும் அதே மின்பகுப்புத்தான். ஆனால் அதைப் பெரிய அளவில் மலிவாகச் செய்ய பிளாட்டினம், இரிடியம் போன்ற அரிய உலோகங்களுக்கு மாற்று வேண்டும், கசியாத தாங்கிகள் வேண்டும், எல்லா நாடுகளும் ஏற்கும் பாதுகாப்பு விதிகள் வேண்டும். திரவமாக்குவதற்கே மறை 253 பாகை வரை குளிரூட்ட வேண்டும். தனி ஒரு நாட்டால் முடிகிற வேலை அல்ல இது.

அதனால்தான் கூட்டு. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மறு ஆண்டு சர்வதேச சக்தி முகவரகம் பிறந்தது. அதன் கீழ் 1977இலேயே ஐதரசன் ஆய்வுக்கான உடன்படிக்கை உருவாகி இன்றுவரை நடக்கிறது. சேரும் நாடுகள் ஆய்வைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துக்கொள்கின்றன, தங்கள் விஞ்ஞானிகளை அனுப்புகின்றன, முடிவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. 2003இல் அமெரிக்கா முன்னின்று இன்னொரு கூட்டை அமைத்தது. அரசாங்கங்கள் ஐதரசன் கொள்கை, விதிகள், தரநிலைகள் பற்றிப் பேசும் மேடை அது. இந்தியா அதில் தொடக்கம் முதல் உறுப்பினர். ஒரு கிலோ ஐதரசனுக்கு எவ்வளவு புகை என்று கணக்கிடும் முறையை அந்தக் கூட்டுத்தான் வகுத்தது. 2023இல் அதை அடிப்படையாக வைத்துச் சர்வதேசத் தரநிலை நிறுவனத்தின் தொழில்நுட்ப விவரக்குறிப்பு வெளிவந்தது. 2021இல் தொடங்கிய மூன்றாவது முயற்சியின் இலக்கு, தூய ஐதரசனின் விலையை 2030க்குள் கிலோவுக்கு 2 டொலராகக் குறைப்பது.

இந்த மூன்றிலும் இலங்கை உறுப்பினர் அல்ல. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகத்திலும் சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியிலும் நாம் இருக்கிறோம். உள்நாட்டில் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை முன்னின்று தேசிய ஐதரசன் வழிவரைபடம் ஒன்றைத் தயாரித்தது. 2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட பொருளாதாரப் பங்காளித்துவ ஆவணத்தில் பசுமை ஐதரசனும் (சூரிய ஒளி, காற்று, நீர் மின்சாரத்தால் எடுப்பது) அதிலிருந்து செய்யும் பசுமை அமோனியாவும் இடம்பெற்றன. ஆனால் ஆவணத்தில் பெயர் வந்ததனால் யாருக்கும் உரித்து வந்துவிடாது.

மலையகத்துக்கு இதில் என்ன அக்கறை?

ஐதரசன் காரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது உரம். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது தேயிலை மலைகள் என்ன பாடுபட்டன என்பதை மறந்தவர் யாரும் இங்கே இருக்க மாட்டார்கள். யூரியாவுக்கு அடிப்படை அமோனியா. அமோனியாவுக்கு அடிப்படை ஐதரசன். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 28 கிலோ அமோனியா வேண்டும். அந்த அமோனியாவில் 5 கிலோ ஐதரசன் இருக்கிறது. கொழுந்து மலைக்கு இறங்கும் யூரியா மூட்டை பெரும்பாலும் எங்கோ ஒரு நாட்டின் இயற்கை வாயுவிலிருந்து எடுத்த ஐதரசனைச் சுமந்துதான் வருகிறது. அந்த வாயுவின் விலை ஏறினால் மூட்டையின் விலையும் ஏறும்.

அருவித் தண்ணீரைக் கொண்டு உரம் செய்வது புதிய கற்பனையும் அல்ல. நோர்வேயின் மலைப்பகுதியில் உள்ள வெமோர்க்கில் 1920களின் இறுதியிலேயே நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஐதரசனிலிருந்து உரம் செய்தார்கள். எகிப்தின் அஸ்வானிலும், பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பிப் பஞ்சாபின் நங்கலிலும் அதே முறை நடந்தது. பின்னர் இயற்கை வாயு மலிந்தது, மின்சாரத்துக்கு வேறு தேவைகள் கூடின, அந்த மின்பகுப்புக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று நடக்கும் கூட்டாய்வு அந்தப் பழைய முறையை மலிவாக்கித் திருப்பிக் கொண்டுவரும் முயற்சி.

அப்படியானால் லக்சபானை, கொத்மலை, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் இருக்கும்போது நாமே செய்யக் கூடாதா? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ ஐதரசன் எடுக்க ஏறத்தாழ 50 அலகு மின்சாரம் வேண்டும். மாதம் 60 அலகுக்குள் பட்டியல் வரும் ஒரு லயன் வீட்டின் ஏறக்குறைய ஒரு மாத மின்சாரம் அது. அந்த ஐதரசனை எரிபொருட்கலத்தில் இட்டு மீண்டும் மின்சாரமாக்கினால் 15 முதல் 20 அலகுதான் திரும்பும். யூரியா மூட்டை ஒன்றின் ஐதரசனுக்கு மட்டும் 250 அலகு போகும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடக்கும் மாதங்களில் நாடு நிலக்கரியையும் டீசலையும் எரித்துத்தான் ஒளி பெறுகிறது. அந்த நிலையில் நீர்மின்சாரத்தை ஐதரசனுக்குத் திருப்புவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். மேல் கொத்மலைக்காக சென்கிளேயர் அருவி மெலிந்ததைப் பார்த்த நாம், இன்னோர் அருவியைக் கேட்டு யாராவது வந்தால் முதலில் இந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

மின்சாரம் மிஞ்சும் நேரங்களும் உண்டு. பெருமழையில் வான்கதவுகள் திறக்கும் நாட்கள் இருக்கின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்த பகல் வேளைகளில் கூரைச் சூரியப் படலங்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வீணாகும் அந்த மின்சாரத்தை எப்படிச் சேமிப்பது, விட்டுவிட்டு இயங்கும் மின்பகுப்பு இயந்திரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பவைதான் இலங்கைக்கு உகந்த ஆய்வுக் கேள்விகள். அவற்றுக்கு விடை தேடும் ஆட்கள் இங்கிருந்தே வர வேண்டும்.

உண்மையில் திறந்திருக்கும் வழிகள்

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வுத் திட்டமான ஹொரைசன் ஐரோப்பா 2021 முதல் 2027 வரை நடக்கிறது. அதில் இலங்கை இணை நாடு (ஒன்றியத்துக்கு வெளியே இருந்து ஒப்பந்தம் மூலம் திட்டத்தில் சேர்ந்த நாடு) அல்ல. ஆயினும் நடுத்தர, குறைந்த வருமான நாடுகளின் பட்டியலில் இருப்பதால், இலங்கைப் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவகமோ ஒரு கூட்டுத் திட்டத்தில் பங்காளியாகச் சேர்ந்தால் தன் செலவுக்கு நிதி பெறும் தகுதி பொதுவாக உண்டு. நிபந்தனை என்னவென்றால், தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஒன்றிய நாடு ஒன்றாவது உட்பட, வெவ்வேறு ஒன்றிய அல்லது இணை நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்கள் அந்தக் கூட்டில் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் ஆய்வுக் கட்டுரைகள் யாரும் இலவசமாக வாசிக்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்பதும் விதி. ஹட்டனில் ஒரு கைத்தொலைபேசி இருந்தாலும் வாசிக்கலாம்.

தனி மனிதருக்கு அதே திட்டத்தின் கீழ் மேரி கியூரி பெயரிலான நிதி உண்டு. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டத்துக்கான இடம் கிடைத்தால் அது வேலை ஒப்பந்தம், சம்பளம் உண்டு. இன்னும் கலாநிதிப் பட்டம் பெறாதவராக இருக்க வேண்டும். சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வாழ்ந்திருக்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது நிபந்தனை தடையே அல்ல.

ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் கொழும்பிலுள்ள தூதரகம் ஊடாக வருகிறது. கல்விக் கட்டணம், மாதக் கொடுப்பனவு, விமானச் செலவு மூன்றும் அதில் அடங்கும். ஐதரசன் ஆய்வுக்குப் பேர்போன கியூஷூ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கு, 1964 முதல் இந்தியா நடத்தும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. செலவை இந்திய அரசு ஏற்கும்.

உள்நாட்டிலும் கதவு இருக்கிறது, அதுவும் மலையகத்திலேயே. கண்டி ஹந்தானையில் 1981இல் நிறுவப்பட்ட தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் சூரியக் கலங்கள் போன்ற பொருட்களைப் பற்றி நெடுங்காலமாக ஆய்வு செய்கிறது. அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்பவர் கொடுப்பனவு பெற்றபடியே பட்டப்பின் படிப்புக்குப் பதிவுசெய்துகொள்ளலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை நோர்வேயின் பேர்கன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் தூய சக்தி ஆய்வில் இணைந்து, மாணவர்களை அனுப்பியும் வரவேற்றும் வந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் இந்தக் கூட்டாய்வுக்குள் நுழைந்த வழி இது. கொழும்பில் நடந்த கைச்சாத்துகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் தடை உயர்தரம். தமிழ்மொழியில் கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள தோட்டப்பகுதிப் பாடசாலைகள் மிகக் குறைவு. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். இந்த நிலை மாறாதவரை சர்வதேசக் கூட்டு எவ்வளவு விரிந்தாலும் நம் பிள்ளை வாசலுக்கே வர முடியாது. அதுவரை கைவசம் உள்ள உரித்துகளையாவது விடாமல் பயன்படுத்த வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக இடம். நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகிய நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக நடக்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை 1947 முதல் உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் உதவி வழங்கி வருகிறது. கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

பட்டதாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று. வெளிநாட்டு ஆய்வு இடங்களுக்குப் பேராசிரியர் ஒருவரின் சம்மதம் பெரும்பாலும் முதலில் வேண்டும். அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது வாசித்து, அதில் தாம் எதைத் தொடர விரும்புகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. பெறுபேற்றுச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியையும், உங்களை நன்கு அறிந்த விரிவுரையாளர் இருவரின் பரிந்துரைக் கடிதங்களையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மேரி கியூரி நிதி, ஜப்பான் அரசின் புலமைப்பரிசில், இந்தியப் பயிற்சித் திட்டம் ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இடம் பிடித்துத் தருகிறேன் என்று எந்த முகவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தூதரகத்திடமோ உரிய பல்கலைக்கழகத்திடமோ நேரடியாகவே விண்ணப்பியுங்கள்.