ஆழ்கடல் நண்டுக்கு அனுமதிச் சீட்டு: எதைத் தெரிந்துகொண்டு கூடு இறக்குவது?

காரைக்குடிச் சந்தையில் நண்டு வாங்கும் ஆச்சி அதைப் புரட்டி வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார். வயிற்று மடல் குறுகிக் கூராக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருந்தால் சினை நண்டு. புதிதாக ஆழ்கடல் நண்டுத் தொழில் தொடங்குவதென்றால், அரசும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொண்டியிலிருந்து தேவகோட்டை வழியாக நமக்கு வருவது ஆழம் குறைந்த பாக் நீரிணையின் நண்டு. ஆழ்கடல் நண்டு வேறு: நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், இருட்டிலும் குளிரிலும் மெதுவாக வளர்வது.

சரி, விதி என்ன சொல்கிறது? கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலத்தின் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கப்பால் 200 கடல் மைல் வரை ஒன்றிய அரசின் பொறுப்பு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் மீன்பிடிப் படகுகளைப் பதிவுசெய்யும் ‘ரியல்கிராஃப்ட்’ என்ற அரசு இணையதளத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. சிறு நாட்டுப்படகுகளுக்குச் சீட்டே வேண்டாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை உண்டு. எல்இடி விளக்கு வைத்துப் பிடிப்பதும், இரண்டு படகு சேர்ந்து வலை இழுப்பதும் கூடாது.

பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவு, மீனவரோடு கலந்து தயாரிக்கும் மேலாண்மைத் திட்டம் ஆகிய இரண்டையும் அந்த விதிகள் பேசுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அளவை முடிவுசெய்ய, நண்டு எவ்வளவு காலத்தில் எவ்வளவு வளர்கிறது என்று தெரிய வேண்டும். மீனின் வயதை அதன் காதுக்குள் இருக்கும் சிறு கல்லின் (காதுக்கல்) வளையங்களை எண்ணிச் சொல்லலாம். நண்டோ வளர வளர ஓட்டைக் கழற்றிவிடும். வயதை எண்ண எளிய வழியில்லை. அதனால் நண்டு பிடிக்கும் பொறிக்கூடுகளைச் சோதனையாக வெவ்வேறு ஆழத்தில் இறக்கி, ஓட்டின் அகலத்தை அளந்து, அடையாளம் கட்டி மீண்டும் கடலில் விட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஆழ்கடல் செந்நண்டுக்கு 2002-இல் மேலாண்மைத் திட்டம் வந்தது. அங்கே கூடு வைத்து, பெரும்பாலும் ஆண் நண்டையே கரைசேர்க்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: பெரிய ஆண்களையே எடுத்துக்கொண்டிருந்தால், பெண்ணுக்கு ஏற்ற இணை குறைந்துவிடலாம்.

அப்புறம் தடைக்காலம். கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆழத்து நண்டு அந்த மாதங்களில்தான் சினைப்படும் என்று பார்க்காமலே எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கலந்தாய்வுக்குக் கூப்பிட்டால், சீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சங்கத்தார் இதைக் கேட்க வேண்டும்: பெண் நண்டு எந்த அளவில் முதல் சினை பிடிக்கிறது, எந்த மாதத்தில், எந்த ஆழத்தில்?